அறுநூற்றுப் பன்னிரண்டாவது ஆள்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. முறை வருவதற்குள் பழைய செய்தித்தாள் ஒன்றைப் புரட்டினேன். அளவுக்கு மீறிய போதை மருந்தால் நகரத்தில் இறந்தவர்களைப் பற்றி ஒரு வரைபடம். ஐந்து ஆண்டுகளாக விறுவிறுவென ஏறிய கோடு, கடைசி ஆண்டில் படுத்துவிட்டது. போன ஆண்டு 612. இந்த ஆண்டும் 612. அச்சு அசலாக அதே எண் எப்படி வரும்? யாரோ ஒருவர் கடைசி நிமிடத்தில் ஓடிவந்து ஏறியிருக்கிறார் என்று தோன்றியது. பல்வலி மறந்தே போனது. (மருத்துவர் மறக்கவில்லை. பிடுங்கிவிட்டார்.)

2

முதல் தொடக்கம்: ‘மழை கொட்டிய ஒரு மாலையில், கண்ணீருடன் ஒரு பெண்—’

வேண்டாம். என் கதைகளில் பெண்கள் வந்தாலே மழை பெய்துவிடுகிறது.

இரண்டாவது: ‘உயிர்கள் வெறும் எண்களல்ல, அவை—’

மேடைப் பேச்சு. கைதட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நேராகவே சொல்கிறேன். சுகாதார அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பெண்மணி இருந்தார். இப்படிப்பட்ட சாவு ஒவ்வொன்றின் கோப்பும் அவர் மேசைக்குத்தான் வரும். காரணத்தைச் சரிபார்த்து வரைபடத்தில் சேர்ப்பார். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் புள்ளி மேடம்.*

ஆண்டுக் கணக்கை முடிக்கும் நாளன்று காலை இயக்குநர் ஏகக் குஷியில் இருந்தார். எண்ணிக்கை 611. போன ஆண்டைவிட ஒன்று குறைவு.

“இறங்குமுகம்னு போடும்மா.”

“ஒண்ணே ஒண்ணுதானே சார்?”

“ஒண்ணுன்னாலும் இறக்கம் இறக்கம்தானே?”

இவரை வில்லனாக்க எனக்கு ஆசைதான். ஆனால் ஏறிய கோட்டுக்காக ஐந்து ஆண்டு திட்டு வாங்கிய மனிதர். ஒரு வருடமாவது நிமிர்ந்து உட்கார நினைத்தது குற்றமா?

* புள்ளிவிவரம் பார்ப்பதால். கன்னத்தில் மச்சம் இருந்ததாகவும் எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன்.

3

பதினோரு மணிக்குக் கடைசிக் கோப்பு வந்தது. பின்னாலேயே இறந்தவரின் அக்காவும் வந்தார். தம்பி வீடுகளுக்கு வண்ணமடிப்பவர். நாற்பத்தெட்டு வயது, தனியாள். அக்கா பள்ளியில் தையல் டீச்சர்.

“மாரடைப்புன்னு எழுதிடுங்க மேடம். அம்மாகிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்.”

“ரத்தத்துல மருந்து இருந்திருக்கே டீச்சர்.”

“தூக்க மாத்திரைதாங்க. ஏணியிலயே நின்னு நின்னு முதுகுவலி, படுத்தா தூக்கமே வராது. அவன் அந்த மாதிரி ஆள் இல்ல.”

“எந்த மாதிரி?”

டீச்சர் கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

(இங்கே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இயக்குநருக்கு இந்தச் சாவு வேண்டாம், டீச்சருக்கும் வேண்டாம். ஒரு சொல்லை மாற்றினால் எல்லோருக்கும் நிம்மதி. புள்ளி மேடம் ஏன் மாற்றவில்லை? நேர்மை என்று சொல்லித் தப்பிக்கலாம். நேர்மைக்காக மட்டுமே வாழும் ஆட்களை நானே நம்புவதில்லை.)

காரணம் இதுதான். அவர் கணினித் திரையை டீச்சர் பக்கம் திருப்பினார்.

“இந்த நாலு பேரும் உங்க தம்பி இருந்த பக்கம்தான். மூணே வாரம். எல்லாரும் தூக்கத்துக்காகத் தெருவுல யார்கிட்டயோ மாத்திரை வாங்கினவங்க. உங்க தம்பியோட சேர்த்து அஞ்சு ஆச்சுன்னா நாங்க எச்சரிக்கை விடலாம். நாலுன்னா விதியில இடமில்ல.”

4

ஒரு பிரதியில் டீச்சர் கோபித்துக்கொண்டு வெளியேறினார். இன்னொன்றில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். எழுதிய எனக்கே கூச்சமாகிவிட்டது.

நடந்தது வேறு. டீச்சர் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார்.

“பத்துல ரெண்டுதான் போட்டிருக்கான். அவன் போனதுலேருந்து எனக்கும் தூக்கம் இல்ல. நேத்து ஒண்ணு போட்டுக்கலாம்னு பிரிக்கப் போனேன். அம்மா கூப்பிட்டாங்க, எழுந்து போயிட்டேன்.”

புள்ளி மேடம் எட்டிப் பிடுங்காத குறையாக அதை வாங்கிக்கொண்டார். மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

“எழுதுங்க மேடம்,” என்றார் டீச்சர். “உள்ளதையே எழுதுங்க.”

5

அந்த அட்டையைச் சோதித்த ஆய்வகம் சொன்னது: மேலே தூக்க மாத்திரையின் பெயர், உள்ளே அதைவிடப் பல மடங்கு கடுமையான போதைச் சரக்கு. இயக்குநர் பெருமூச்சு விட்டார். “சரிம்மா, மாற்றமில்லைன்னு போடு,” என்றவர், ஆய்வக அறிக்கையை இரண்டாம் முறை படித்துவிட்டு, எச்சரிக்கையில் கையெழுத்தும் போட்டார். மருந்துக்கடைகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் அது ஒட்டப்பட்டது.

டீச்சர் அட்டையைக் கொடுத்த அன்றே அம்மாவிடம் உண்மையைச் சொன்னார். அம்மா கேட்டது ஒன்றுதான்: “அன்னிக்காவது நல்லாத் தூங்கினானா?”

6

அடுத்த மாதம் அந்தப் பகுதியிலிருந்து ஒரு கோப்புகூட வரவில்லை. யாராவது அறிவிப்பைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறிந்தார்களா, விற்றவன் இடம் மாறிவிட்டானா, புள்ளி மேடத்துக்குத் தெரியாது. சாகாதவர்களுக்குக் கோப்பு கிடையாது.

எனக்கும் தெரியாது. ஆகவே பிழைத்த ஆளை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்ன வயது, என்ன வேலை, எங்கே வலி, எல்லாம் உங்கள் இஷ்டம். பேருந்து நிறுத்தத்தில் நின்று அறிவிப்பைப் படிக்கிறார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறார். அதுவரை நான் கொண்டுவந்து விட்டேன். ஒரே வேண்டுகோள்: முடிவு அழுத்தமாக இருக்கட்டுமே என்று அவரைக் கொன்றுவிடாதீர்கள். எனக்குக் கை துறுதுறுக்கிறது. அதனால்தான் பேனாவை உங்களிடம்—