ஐந்தருவிப் பச்சை

சுடலைமணியின் கையால் எல்லோரும் இரண்டாவது தடவைதான் செத்தார்கள். தென்காசியில் அஞ்சலி போஸ்டர் அடிப்பது அவன் தொழில். கம்ப்யூட்டர் திரையில் பளபளக்கும் படத்தை அச்சு மைக்கு மாற்ற ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். தட்டிய நொடியில் நிறமெல்லாம் ஒரு படி இறங்கும். சிரிக்கிற முகத்திலிருந்து உயிர் போவது போலிருக்கும். ஊசிக்குப் பயந்த பிள்ளை மாதிரி, ஏழு வருஷமாக அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வைத்திருப்பது சுடுகாட்டுச் சாமியின் பேர்.

குத்துக்கல்வலசை உமா மகேஸ்வரி நாலு வயது மகளோடு வந்திருந்தாள். மறுநாள் அவள் புருஷன் மணிமுத்துவுக்கு முதலாண்டு நினைவு நாள். போனில் ஒரு படம்: ஐந்தருவி முன்னால் நனைந்தபடி, கண் கூசும் பச்சைச் சட்டையில் சிரிக்கிறார். அன்றைக்குத் திரும்பும் வழியில்தான் பைக் விபத்து. சட்டையை ஆஸ்பத்திரியில் கத்தரித்துவிட்டார்கள்.

"சட்டை கலர் மட்டும் மாறக்கூடாது அண்ணாச்சி. இவளுக்கு மூஞ்சி மறந்துட்டு. அந்தச் சட்டையத்தான் அப்பான்னு சொல்லுதா."

"அதுக்கென்னம்மா. நம்ம மிஷின்ல கிளிய அடிச்சா, பறந்து போயிரும்."

பறக்கவில்லை. காய்ந்த வாழையிலை நிறத்தில் வந்தது. பிள்ளை தாளைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றது. உமா படத்திலிருந்த முகத்தில் மடிப்பு விழாமல் தாளைப் பார்த்துப் பார்த்து மடித்தாள்.

"சாயங்காலம் வாங்கம்மா," என்றான் சுடலைமணி. அதற்கு மேல் ஜோக் வரவில்லை.

அச்சில் வராத நிறம் எதெது என்று கம்ப்யூட்டரைக் கேட்டான். அந்த இடமெல்லாம் அது சாம்பல் பூசிக் காட்டியது. கழுத்திலிருந்து இடுப்பு வரை சாம்பலாக நின்று மணிமுத்து சிரித்தார். இந்த முறை முகத்தைத் திருப்ப வழியில்லை. மூன்று மணி நேரம் அந்தப் பச்சையையே உற்றுப் பார்த்து மையைக் கூட்டினான், குறைத்தான். தலையைத் தூக்கினால், பச்சையில் அலுத்த கண்ணுக்கு எதிர்நிறமாக, எதிரே வெள்ளைச் சுவரில் ஆளில்லாமல் ஒரு ரோஸ் சட்டை நின்றது. கண்ணை மூடினான். உள்ளேயும் நின்றது.

டீக்கடைக்கு ஓடினான். சட்டையும் கூடவே வந்தது.

"என்னலே, பேயறஞ்ச மாதிரி இருக்க?" என்றார் டீக்கடை ஹபீபுல்லா.

"பேயில்ல அண்ணாச்சி, கஸ்டமரு."

டீக்கடைச் சுவரில் பாதி கட்சி போஸ்டர், பாதி வெறும் சுண்ணாம்பு. போஸ்டர் பக்கம் பார்த்தால் சட்டையைக் காணோம். சுண்ணாம்புப் பக்கம் திரும்பினால் தெளிவாக நின்றது. பேய்க்கே கூட்டத்துக்குள் மதிப்பில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

கம்ப்யூட்டருக்குத் திரும்பி, மணிமுத்துவின் போஸ்டரிலிருந்த நீல வானத்தை எடுத்தான். மஞ்சள் எழுத்து, செவ்வந்தி மாலை, கீழே வரிசை கட்டி நின்ற சொந்தக்காரர்கள் எல்லாம் போனார்கள். அருவியைக்கூடச் சாம்பல் நிறமாக்கினான். எல்லாம் அடங்கியதும், அதே மங்கல் பச்சை மெல்ல எழுந்து வந்தது.

சாயங்காலம் உமா தாளைப் பார்த்தாள். "கொழுந்தனார் படம் எங்க? சண்டைக்கு வருவாவளே."

"அவரு கலர் அச்சுல வராதுன்னு சொல்லிருங்கம்மா."

பிள்ளை தாளைப் பார்த்தது. பிறகு அம்மாவின் முந்தானையை இழுத்து, சட்டையின் மேல் அழுத்தித் துடைத்தது.

"அப்பா நனைஞ்சிருக்காரும்மா."

மிஷினிலிருந்து வந்த தாள் இன்னும் சூடாகத்தான் இருந்தது. சுடலைமணி பழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுவரில் ரோஸ் சட்டை அங்கேயே நின்றது.