வெரிட்டி எழுதிய நான்காம் பதிப்பு

இந்த ஞாயிற்றுக்கிழமை யாரோடாவது சண்டை போடாமல் வீடு திரும்புவதில்லை என்று டனீடன் போகும் வழியில் பால்குளூதா ஊரைத் தாண்டும்போதே செலுவாயா முடிவு கட்டிவிட்டாள். காரின் பின்சீட்டில் பதினொரு லேப்டாப்கள் மூடி கவிழ்த்து, அணைக்கப்படாமல், உயிரோடு தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று அணைந்தாலும் அவ்வளவுதான், திரும்ப எழுந்திருக்காது. பன்னிரண்டாவது இன்வர்கார்கிலில் அவள் மேஜைமேல் ஏற்கெனவே செத்துக் கிடந்தது.

பண்ணை பண்ணையாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவச்சிகளின் அறக்கட்டளை ஒன்றில் செலுவாயாதான் கம்ப்யூட்டர் ஆள். ஒரே ஆள். போன மாதம் ஒரு மருத்துவச்சியின் கார்க் கண்ணாடியை உடைத்து எவனோ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மேலாளர் க்ளெனிஸ் கொதித்துப்போய், "ஆன் பண்ணும்போதே பாஸ்வேர்டு கேக்கணும், இல்லாட்டி ஒரு மெஷினும் வெளிய போகக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பாஸ்வேர்டு மெஷின்களை இயக்கும் லினக்ஸுக்கும் அடியில், சில்லுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேரில் உட்கார்ந்திருப்பது. லினக்ஸிலிருந்தே அதை மாற்ற டிரைவர் என்ற ஒரு சின்னப் புரோகிராம் வேண்டும். டனீடனில் வெரிட்டி ஸ்கோபி என்பவள் அப்படி ஒன்று எழுதியிருந்தாள். பழைய பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் திறக்கும், முன்கூட்டிப் பதிந்துவைத்த டோக்கன் என்ற மாற்றுச் சாவியைக் கொடுத்தாலும் திறக்கும்.

ஆனால் அது இன்னும் லினக்ஸின் கருவான கெர்னலுக்குள் போகவில்லை. வாசலில் மர்டோ ஹால்டேன் உட்கார்ந்திருந்தார். அந்தப் பகுதிக்கு அவர்தான் பராமரிப்பாளர். அவர் தலையாட்டாமல் ஒரு வரி உள்ளே நுழையாது. வெரிட்டியும் அவரும் ஒரு காலத்தில் ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த மேஜை. இப்போது ஒரே ஊரில் இருந்துகொண்டு, உலகமே படிக்கும் மெயிலிங் லிஸ்டில் மட்டும் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொள்கிறார்கள். செலுவாயா அந்த லிஸ்டில் சந்தேகம் கேட்டபோது வெரிட்டி தனியாகப் பதில் போட்டாள்: "அந்தக் கிழம் சரின்னு சொல்ற வரைக்கும் காத்திருந்தா உனக்கு நரை விழுந்துடும். என் டிரைவரோட நாலாம் பதிப்பை எடுத்துக்கோ. ஜம்முன்னு ஓடுது."

ஜம்மென்று ஓடத்தான் செய்தது. சனிக்கிழமை உட்கார்ந்து, க்ளெனிஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பன்னிரண்டு மெஷினிலும் புதுப் பாஸ்வேர்டை ஏற்றினாள். ஒன்றை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தாள். தப்பு என்றது. நிதானமாக அடித்தாள். தப்பு. மூன்றாவது தடவை அது வாயை ஒரேயடியாக மூடிக்கொண்டது. இனி உள்ளே இருக்கும் போர்டையே மாற்றினால்தான் உண்டு, அதற்குப் பல வாரம் ஆகும். திங்கள் காலை மருத்துவச்சிகள் மெஷின் கேட்டு வந்து நிற்பார்கள். இந்தப் பதினொன்றும் திறக்காவிட்டால் அவள் வேலையும் இருக்காது. இதுதான் நிலவரம்.

வெரிட்டி கையில் சீஸ் ரோல் தட்டோடு கதவைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும், நீட்டிய தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீ தப்பா அடிச்சிருப்பே."

"மூணு தடவையுமா?"

"ஏன், கேப்ஸ் லாக் போட்டுட்டு முப்பது தடவை அடிக்கிறவங்களையும் பாத்திருக்கேன். என் புரோகிராம்ல தப்பில்ல பொண்ணே. நாலு பதிப்பு எழுதியிருக்கேன்."

"நாலு பதிப்பு எழுதினா தப்பு இருக்காதா? அது என்ன கணக்கு?"

"இரு, இப்பவே காட்டறேன்." செலுவாயா 'வேண்டாங்க, அணைக்காதீங்க' என்று கையைப் பிடிப்பதற்குள் அந்த அவசரக்குடுக்கை ஒரு லேப்டாப்பை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக, வாயால் சொல்லிச் சொல்லி அடித்தாள். தப்பு. தப்பு. தப்பு. மெஷின் செத்தது.

"போச்சா? இப்ப திருப்தியா?" செலுவாயா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பதினொண்ணு கொண்டாந்தேன். ஒண்ணைக் கொன்னுட்டீங்க. எனக்கு அழுகையா வருது, உங்களுக்கு மூஞ்சியே சுருங்கலை!"

வெரிட்டியின் முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் ஒத்துக்கொள்ளும் ஜன்மமா அது? "டோக்கன் இருக்கே. டோக்கன் குடுத்தா பாஸ்வேர்டே தேவையில்ல."

"டோக்கனைப் பதிய பாஸ்வேர்டு வேணும்னு உங்க குறிப்புலயே எழுதியிருக்கீங்க. பூட்டைத் திறக்கற சாவி பூட்டுக்குள்ள இருக்கு. வேற ஏதாவது சொல்லுங்க."

வெரிட்டி தன் புரோகிராமைத் திறந்து அரை மணி நேரம் முறைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஃபர்ம்வேர்காரன்தான் சொதப்பியிருக்கிறான் என்றாள். நாலாம் பதிப்புக்கு மர்டோ என்ன பதில் போட்டார் என்று செலுவாயா கேட்டதற்கு, வேண்டா வெறுப்பாக அந்த மெயிலைத் திருப்பிக் காட்டினாள். ஒரே வரி. "ஏற்க முடியாது. எழுதியதை ஒரு முறை படித்துப் பார், படிக்கத் தெரிந்தால்."

"இதுக்கு நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"பதிலா? செருப்பால அடிக்கணும் போல இருந்துச்சு. மூடி வெச்சுட்டேன்."

"அவர் என்னத்தையோ பாத்திருக்காருங்க! இல்லாட்டி ஏன் படின்னு சொல்றார்?"

"அவன் வாய்க்கொழுப்பு உனக்குத் தெரியாது. எல்லாருக்கும் இதையேதான் எழுதுவான்."

"அவர் வீடு எங்க இருக்கு?"

"நான் வரமாட்டேன்."

"வர்றீங்க. நீங்க கொன்ன மெஷினை நீங்களே தூக்கிட்டு வர்றீங்க."

மேட்டுத் தெருவில் மர்டோ தன் வீட்டுச் சமையலறையில் சூப் குடித்துக்கொண்டிருந்தார். வெரிட்டியைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அடடே, நாலாம் பதிப்பு நடந்து வருதே! லிஸ்டுக்கு அனுப்ப வேண்டியதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாதும்மா."

"எனக்கு ஒண்ணும் உன் மூஞ்சியைப் பாக்கணும்னு வேண்டுதல் இல்ல" என்றாள் வெரிட்டி.

செலுவாயா குறுக்கே புகுந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். மர்டோ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கேலிச் சிரிப்புகூட இல்லை, போட்ட விடை சரியாக வந்த பையனின் சிரிப்பு. செலுவாயாவுக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

"பாஸ்வேர்டை எக்கோங்கற கட்டளையால ஃபைலுக்குள்ள எழுதினே, இல்லையா? எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. வால்ல ஒரு எண்டரும் சேர்ந்து போகும், கண்ணுக்குத் தெரியாது. டிரைவர் அதைக் கிள்ளி எறியணும். இந்தம்மா பழைய பாஸ்வேர்டு வர்ற இடத்துல கிள்ளியிருக்கா. புதுசு போற இடத்துல கிள்ளலை. இப்ப உன் மெஷின் பாஸ்வேர்டோட கடைசி எழுத்து எண்டர். ஆன் பண்றப்போ எண்டரை அமுக்கினா அடிச்சு முடிச்சாச்சுன்னு அர்த்தம். அதை எந்த மனுஷனும் அடிக்க முடியாது."

வெரிட்டி கையோடு கொண்டுவந்த தன் லேப்டாப்பைத் திறந்து அந்த வரியைத் தேடினாள். "ரெண்டாம் பதிப்புல ரெண்டு இடத்துலயும் கிள்ளியிருந்தேன்" என்றாள் மெல்ல. "டோக்கனைச் சேர்க்கறப்போ அந்த வரி போயிருக்கு."

"போயிருக்கு. நான் மார்ச் மாசமே பாத்துட்டேன்."

செலுவாயா அவர் பக்கம் திரும்பினாள். "பாத்துட்டீங்களா?"

"படின்னு எழுதினேனே."

"என்ன தப்புன்னு எழுதலையே!"

"தப்பு எங்கேன்னு நானே சொல்லிட்டா யாரும் கத்துக்க மாட்டாங்க. தானே தேடிக் கண்டுபிடிச்சாத்தான் மண்டையில ஏறும். இருபது வருஷமா என் வழக்கம் அதுதான்."

"அது உங்க ரெண்டு பேர் சண்டை ஐயா! நடுவுல என் மெஷின் இருக்கு. பண்ணையில வலி எடுத்துக் கிடக்கறவளோட விவரம் இருக்கு. ஒரு வரி எழுத உங்க கை வலிச்சுதா?"

மர்டோ சூப் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு லேப்டாப்களுக்கு இடம் செய்தார்.

வேலை என்னவோ சுலபம்தான். மெஷினை அணைக்காமலே டிரைவரை மட்டும் கழற்றிவிட்டு வேறு ஒன்றை மாட்டலாம். வெரிட்டி பழைய பாஸ்வேர்டின் வாலைக் கிள்ளாமல் எண்டரோடு அப்படியே அனுப்பும்படி ஒரு வரியையும், புதியதில் கிள்ளும்படி இன்னொரு வரியையும் திருத்தினாள். மர்டோ தோளுக்குப் பின்னால் நின்று நொட்டை சொல்லிக்கொண்டே இருந்தார். "இடம் விட்டு எழுது." "நீ வாயை மூடு." "பாஸ்வேர்டை நினைவகத்துல அப்படியே விட்டுட்டுப் போறியே, துடைக்க வேணாமா?" "துடைக்கறேன், தள்ளி நில்லு, மூச்சு படுது." திருத்திய டிரைவரைக் கொண்டு பாஸ்வேர்டை மறுபடி ஏற்றி, முதல் மெஷினை அணைத்துப் போட்டார்கள். செலுவாயா பாஸ்வேர்டை அடித்தாள். திறந்தது. அடுத்தடுத்து பத்தும் திறந்தன. அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, தன் அம்மா மொழியில் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

"சரி, இந்தத் திருத்தத்தை லிஸ்டுக்கு அனுப்பறேன்" என்றாள் வெரிட்டி.

"சோதிச்சுப் பாத்த ஆள் பேர் வேணும்" என்றார் மர்டோ. "எந்த மெஷின், என்ன ஆச்சு, எல்லாம் பொதுவுல எழுதணும். அது இல்லாம எடுத்துக்க மாட்டேன். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"இந்தப் பொண்ணோட வேலை போயிடும்யா! ஏத்துக்காத டிரைவரை அறக்கட்டளை மெஷின்ல ஓட்டினேன்னு ஊர் அறிய எழுதச் சொல்றியா?"

"அப்போ யாராவது சோதிக்கற வரைக்கும் கிடக்கட்டும்."

"என்னைத் தவிர இந்த நாலாம் பதிப்பு வேற யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள் செலுவாயா.

வெரிட்டி தரையைப் பார்த்தாள். "கனடாவுல ஒரு நூலகம். ஆன்செல்ம்னு ஒருத்தர். போன வாரம் அனுப்பினேன்."

செலுவாயா போனை எடுத்து அவர்கள் முன்னாலேயே க்ளெனிஸைக் கூப்பிட்டாள். கேட்காமல் செய்ததையும், இரண்டு மெஷின் போனதையும், பத்து பிழைத்ததையும் மறைக்காமல் சொன்னாள். க்ளெனிஸின் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது: "பத்தையும் காலைல கொண்டாந்து குடு. உன் விஷயத்தை அப்புறம் நிர்வாகக் குழு பாத்துக்கும்."

"சரிங்க" என்று வைத்துவிட்டு, வெரிட்டியின் மெஷினைத் தன் பக்கம் இழுத்தாள். தன் பெயர், அறக்கட்டளையின் பெயர், நடந்தது நடந்தபடி எழுதினாள். நாலாம் பதிப்பு வைத்திருப்பவர்கள் மெஷினை அணைக்க வேண்டாம் என்று எழுதினாள். வெரிட்டி தன் டிரைவரை நம்பி ஓட்டச் சொன்னாள் என்று எழுதினாள். கடைசியில், இந்தத் தவறு பராமரிப்பாளருக்கு மார்ச்சிலேயே தெரியும், என்னவென்று அவர் யாருக்கும் சொல்லவில்லை என்று எழுதினாள்.

"அந்தக் கடைசி வரி எதுக்கு?" மர்டோவின் காது சிவந்துவிட்டது. "அதுக்கும் திருத்தத்துக்கும் சம்பந்தம் இல்ல."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த லிஸ்டில் போனதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

லேப்டாப்களை ஒவ்வொன்றாக அவள் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோதே முதல் பதில் வந்துவிட்டது. மர்டோதான் திறந்தார். வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்த, மீதியை வெரிட்டி படித்தாள். ஆன்செல்ம் பணிவாகத்தான் எழுதியிருந்தார். எச்சரித்ததற்கு செலுவாயாவுக்கு நன்றி. கனடாவில் எங்களுக்கு இன்னும் சனிக்கிழமை மாலைதான். இன்று காலைதான் நூலகத்தின் நாற்பது மெஷினிலும் புதுப் பாஸ்வேர்டை ஏற்றினோம். ஐந்து மணிக்கு நூலகத்தை மூடும்போது வழக்கம்போல எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம். இனி என்ன செய்யலாம் என்று பராமரிப்பாளர் சொன்னால் உதவியாக இருக்கும்.

"என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள் செலுவாயா.

மர்டோ கீபோர்டில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்வரை திரையில் ஒரு வார்த்தையும் விழவில்லை.