வர்றது என்று எழுதிய பை

"போறதுக்கு எல்லாம் எடுத்து வெச்சாச்சு. வர்றதுக்கு என்னப்பா எடுத்து வெச்சீங்க?"

என் மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. அப்போது நான் தரையில் உட்கார்ந்து, ஒரு செயற்கைக் காலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். என் தொழில் அது. எங்கள் மையத்துக்கு வந்து போக முடியாத தூரத்தில் இருப்பவர்களுக்கு, அளவெடுத்துச் செய்த காலை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு வருவேன். கால், அரம், திருப்புளி, காலுறைகள், வார்கள் என்று எல்லாமே போகிற காரியத்துக்கானவை.

"போற பைக்லயேதான் கண்ணு வருவேன்" என்று சிரித்தேன்.

"அது கெட்டுப்போச்சுன்னா?"

அந்தப் பயணத்தில்தான் பின்சக்கரம் பஞ்சராகி, பதினோரு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்த மறுநாள் என் பழைய கால்சட்டையைக் கிழித்து மனைவி ஒரு பை தைத்தாள். மகள் அதன்மேல் பச்சை மையில் 'வர்றது' என்று எழுதினாள். ஒரு டியூப், கைப்பம்பு, ஒட்டுப் போடும் சாமான், டயர் கழற்றும் லீவர் இரண்டு, கிளட்ச் கம்பி ஒன்று, இரண்டு பாட்டில் தண்ணீர். பதினெட்டு வருஷமாக அந்தப் பை இல்லாமல் நான் நகரத்தைத் தாண்டியதில்லை. கடவுள் சில சமயம் குழந்தையின் வாய்வழியாகப் பேசிவிட்டுப் போகிறார் என்று நம்புகிறவன் நான்.

எங்கள் மையத்துக்குப் புது மேலாளர் வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'லிஸ்ட்'. வந்த மாதமே, தொலைதூரப் பயணத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று இருபத்திரண்டு வரிகளில் ஒரு பட்டியல் அடித்துச் சுவரில் ஒட்டினார். சுமை மொத்தம் இருபத்தைந்து கிலோவுக்கு மேல் போகக் கூடாது. இது போதாதென்று எடை மெஷின் ஒன்றைத் தூக்கிவந்து தாழ்வாரத்தில் போட்டார்.

அந்த முறை நான் கொண்டுபோக வேண்டியிருந்தது ஒரு சமையல்கார அம்மாவின் கால். இருநூற்று அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், ரோடு போடும் கேம்பில் அறுபது பேருக்குச் சமைப்பவர். கேம்பில் அவரைப் 'பெரிய கரண்டி' என்பார்கள். பழைய கால் விரிசல் விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒண்ணாம் தேதி காலையில் எழுந்து நின்று சமைக்காவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டான். நான் கிளம்ப வேண்டியது முப்பதாம் தேதி. அந்த மாதத்துக்கு முப்பதோடு சரி.

முந்தின நாள் மாலை என் பெட்டியை மெஷினில் ஏற்றினார்கள். இருபத்தொன்பதரை. லிஸ்ட் குனிந்து பையை எடுத்தார்.

"இது என்ன, வர்றது?"

"திரும்பி வர்றதுக்கு சார். டியூப், பம்ப்..."

"லிஸ்ட்ல இல்லையே."

"லிஸ்ட்ல விசில் இருக்கு சார். அந்தப் பொட்டல்ல விசில் ஊதினா யார் சார் வருவா?"

"ஆபத்துன்னா ஊதணும். அதுக்குத்தான்."

"ஊதறதுக்கு நான் தயார் சார். கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணுமே."

அலமாரிக்குப் பின்னால் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பெண் சிரித்துவிட்டாள். லிஸ்ட் திரும்பியதும் அது இருமலாக மாறியது.

"அந்த பேனரையும் ஸ்டாண்டையும் எடுத்துடலாம் சார். அதுவே ஆறு கிலோ" என்றேன். பேனர் என்றால் மையத்தின் பெயரும், பக்கத்தில் கைகூப்பிச் சிரிக்கும் லிஸ்ட்டின் படமும் போட்டது. கால் பொருத்தியதும் அந்த ஆளைப் பேனருக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுக்க வேண்டும்.

"பேனர் இல்லாம போட்டோ எப்படி? போட்டோ இல்லாம நன்கொடை எப்படி? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

"டியூப் இல்லாம கால் எப்படிப் போய்ச் சேரும் சார்?"

"நெகட்டிவா பேசாதீங்க" என்றார்.

பையைத் தூக்கி அலமாரியின்மேல் வைத்தார். நாலரை கிலோ குறைந்தது. இருபத்தைந்து. பெட்டிக்கு பிளாஸ்டிக் சீல் போட்டுத் தன் கையெழுத்தையும் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும்கூடக் காரின் கண்ணாடியை இறக்காத மனிதர், நான் எதை எடுத்துப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறார்!

ஸ்டோர்ப் பெண் வாசல் வரை பின்னாலேயே வந்தாள். "அண்ணா, போற வழியில ஒரு டியூப் வாங்கி இடுப்புல சுத்திக்கிட்டுப் போங்க. உங்க இடுப்பை யாரும் எடை போட மாட்டாங்க."

"வேண்டாம்மா. நடுவழியில நிக்கட்டும். அப்பவாவது இவருக்குப் புத்தி வரும்."

"நிக்கப்போறது அவரா, நீங்களா?"

பெட்டியை வண்டியில் ஏற்றிக் கட்டினேன். என் கோபம் நியாயமான கோபம். ஆனால் அன்று அதோடு கொஞ்சம் வீம்பும் சேர்ந்துகொண்டது. இதை எழுதுகிறபோதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

நூற்று ஐம்பதாவது கிலோமீட்டரில் வண்டியின் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்தது. இறங்கிப் பார்த்தால், விரல் நீள ஆணி. வால்வும் பிய்ந்து சாய்ந்திருந்தது; டியூப் அந்த ஓரமாகவே கிழிந்துவிட்டது. ஒட்டுப் போடும் சாமான் கையில் இருந்திருந்தாலும் ஒட்டியிருக்க முடியாது. பதினொரு மணி வெயில். நாலு பக்கமும் கல்லும் முள்ளும். ரோட்டோரமாகப் பெரிய இரும்புத் தண்ணீர்க் குழாய் ஒன்று அடிவானம் வரை போயிற்று. முந்நூறு அடி தள்ளி அதன் வால்வு அறை, பக்கத்தில் ஒரே ஒரு மரம். மரத்தடியில் ஒரு மோட்டார் சைக்கிள்!

ஓடினேன். வண்டி இருந்தது, ஆள் இல்லை. குழாயில் கசிவு பார்த்துக்கொண்டே நடக்கிற ஆளாக இருக்க வேண்டும். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். கத்திக் கூப்பிட்டேன். பட்டியலில் இருந்த விசிலையும் ஊதினேன். மானமில்லாமல் ஊதினேன். ஒரு காக்காய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வண்டியின் சீட்டுக்குக் கீழே, சைக்கிள் ரப்பரால் இறுக்கிக் கட்டி, ஒரு டியூப். பதினெட்டு இஞ்ச். என் சக்கரமும் அதேதான். பக்கத்தில் ஒரு கைப்பம்பு. எவனோ ஒரு விவரமான மனிதன் தன் 'வர்றது' பையைத் தன் முறையில் கட்டி வைத்திருந்தான்.

ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பெரிய கரண்டியின் ஸ்டூல் கண்முன் வந்தது. பொருத்தின காலைத் தேய்த்துச் சரிசெய்து நடக்கப் பழக்க எப்படியும் நாலைந்து மணி நேரம் ஆகும். கடவுளே, மன்னித்துவிடு என்று சொல்லிவிட்டு டியூபை அவிழ்த்தேன்.

பெட்டியின் சீலை உடைத்து, பேனரை எடுத்துத் தரையில் விரித்து, கழற்றிய சக்கரத்தை அதன்மேல் போட்டேன். லீவர் இல்லை. பேனர் ஸ்டாண்டின் தட்டைக் கால்களைக் கொண்டு டயரை நெம்பினேன். அந்த ஸ்டாண்ட் உலகத்துக்குச் செய்த ஒரே உபகாரம் அது. காற்றடித்துவிட்டுப் பம்பை இருந்த இடத்திலேயே வைத்தேன். ஒரு சீட்டு எழுதி வைக்கலாம் என்று காகிதம் எடுத்தேன். என்னிடம் இருந்ததெல்லாம் மையத்தின் பெயர் அச்சிட்ட படிவங்கள்தான். அதில் எழுதி வைத்தால் புகார் நேரே லிஸ்ட்டிடம் போகும் என்று தோன்றியது. மடித்து மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

எண்பதில் விரட்டினேன். போகப் போக என் கோபம் இடம் மாறிக்கொண்டே வந்தது. லிஸ்ட் என்ன செய்தார்? வண்டி ஓட்டுகிற ஒருவனிடமிருந்து டியூபைப் பிடுங்கிப் பொட்டலுக்கு அனுப்பினார். நான் என்ன செய்தேன்? அதையேதான். அவராவது முகத்துக்கு நேரே பிடுங்கினார்.

நாலு மணிக்குக் கேம்ப். பெரிய கரண்டி ஸ்டூலில் இருந்தபடியே கரண்டியை நீட்டினார். "வாங்க கால்காரரே! என் காலு உங்களுக்கு முன்னாலயே நடந்து வந்துடும்னு நினைச்சேன்."

"வழியில கொஞ்சம் வேலை வந்துடுச்சும்மா."

பொழுது சாயும்வரை தேய்த்து, மாட்டி, கழற்றி, மறுபடி தேய்த்தேன். மறுநாள் காலை காண்டிராக்டர் தட்டோடு வந்து நின்றபோது பெரிய கரண்டி இரண்டு காலில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தார். "என்ன சார், புது ஆள் எங்க? சாப்பிட்டாவது போகச் சொல்லுங்க" என்றார். அறுபது பேரும் சிரித்தார்கள். காண்டிராக்டர் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டான்.

பேனரைப் பிரித்தேன். கைகூப்பிய லிஸ்ட்டின் மூக்கிலும் வாயிலும் கிரீஸ்.

"யாரு இந்த மீசைக்காரரு?"

"எங்க மேலாளர். இவருக்கு முன்னால நின்னு ஒரு போட்டோ எடுக்கணுமாம்."

"கால் எனக்கா, இவருக்கா?"

நான் பேனரைச் சுருட்டிவிட்டேன்.

"ஒரு டியூப் வேணும்மா. பதினெட்டு இஞ்ச். புதுசு" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கிடம் கூட்டிப்போனார். அவனிடம் ஒன்றே ஒன்று இருந்தது. பணம் வேண்டாம், பணத்தை வைத்துக்கொண்டு இங்கே என்ன வாங்குவது என்றான். என் மழைக்கோட்டைக் கொடுத்தேன்.

"இங்க மழையைப் பார்த்து நாலு வருஷம் ஆச்சு சார்" என்றான். பிறகு போட்டுப் பார்த்தான். "சரி, இருக்கட்டும். வந்தா நனையாம நின்னு பாக்கறேன்."

பகல் பன்னிரண்டுக்கு அந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். அதே மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அன்றும் ஆளில்லை. டியூப் இருந்த இடத்தில், அதே ரப்பரில் ஓர் அட்டைத் துண்டு செருகியிருந்தது. வசவு எழுதியிருப்பார், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று எடுத்தேன். கோணல் எழுத்து.

'டியூப் எடுத்தவருக்கு. அதில் இரண்டு ஒட்டு இருக்கு. அறுபதுக்கு மேல் ஓட்ட வேண்டாம். சுமை இருந்தால் ஐம்பது. பார்த்துப் போகவும்.'

நான் எண்பதில் போனவன்.

அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். தன்னுடைய டியூபைத் திருடியவன் விழுந்துவிடக் கூடாதே என்று ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். திருடியவன் இந்த வழியாகத்தான் திரும்பி வருவான், வந்தால் இங்கே நிற்பான் என்றும் நம்பியிருக்கிறார். இரண்டு நாளாக என்னை எரித்துக்கொண்டிருந்தது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

புது டியூபை அவர் கட்டியிருந்த மாதிரியே மடித்து, அதே ரப்பரால் இறுக்கினேன். அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு அதுவும் அவருடைய பொருள்தானே என்று தோன்றியது. வெளியே எடுத்துப் பின்பக்கம் 'வந்துவிட்டேன்' என்று மட்டும் எழுதி, இருந்த இடத்தில் செருகினேன்.

இன்னும் நூற்று ஐம்பது கிலோமீட்டர் இருந்தது. சக்கரத்தில் இரண்டு ஒட்டுப் போட்ட டியூப். மாற்றுக்கு ஒன்றுமில்லை. ஐம்பதில் போக வேண்டும்.

வண்டியைக் கிளப்புமுன் குழாய் போகும் பக்கம் பார்த்தேன். வெகு தூரத்தில் ஒரு கரும்புள்ளி நடந்துகொண்டிருந்தது. விசில் சட்டைப்பையில்தான் இருந்தது. ஊதவில்லை.