மதகுக்காரிக்கு இரவல் குரல்

தண்டலத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்த பகலவனுக்கு ஒரு கிறுக்கு. அவன் நாடகத்தில் யாரும் பேசக்கூடாது. உப்பு கேட்பதாக இருந்தாலும் பாடித்தான் கேட்க வேண்டும். அப்படி முழுக்கப் பாட்டாகவே மூன்று நாடகங்கள் எழுதி, மெட்டும் தானே போட்டு, அக்கம்பக்கத்து ஊர்களில் மேடையேற்றியிருந்தான். "அடிக்க வரவன் கூட ராகம் இழுத்துக்கினே வரான்பா" என்று ஜனம் சிரித்தது. சிரித்தாலும் பாய் எடுத்துக்கொண்டு வந்து உட்காரத் தவறியதில்லை. அதற்குக் காரணம் பகலவன் அல்ல, அவன் பெண்டாட்டி கிளியம்மாள்.

பெயரில்தான் கிளி. குரல் கனத்த குரல், அடிவயிற்றிலிருந்து கிளம்பி வரும். சுங்குவார்சத்திரத்துப் பக்கம் மருந்துக் கம்பெனியில் பேக்கிங் லைனில் நின்றபடி அவள் பாட ஆரம்பித்தால், சூப்பர்வைசர் திட்ட வந்ததை மறந்துவிட்டுப் போவார். பகலவன் மெட்டை ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டுவான். அவள் அதை வாயில் போட்டு மென்று, மனசுக்குப் பட்ட இடத்தில் வளைத்து, மனசுக்குப் பட்ட இடத்தில் மூச்சு விட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அவன் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வான். நோட்டீசில் 'இசை: பகலவன்' என்று போடுவார்கள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. பாடுவது யார் என்று ஊருக்குத் தெரியாதா என்ன?

நாலாவது நாடகம் 'மதகுக்காரி'. ஏரி உடையப் போகிற நேரம், மதகைத் திறக்க ஆம்பிளைகளெல்லாம் பயந்து கரையில் நிற்கும்போது ஒருத்தி தனியாக இறங்குகிறாள். அதுதான் கதை. இந்தத் தடவை சவுண்டு சர்வீஸ் கோதண்டம் ஒரு யோசனை சொன்னான். மேடையில் மைக்கைத் தொங்கவிட்டால் அது பாட்டைவிடக் காற்றைத்தான் அதிகம் பிடிக்கிறது. பாட்டெல்லாம் மெட்ராசில் டேப்பில் எடுத்துவிட்டால், மேடையில் வாயசைத்தால் போதும். கேசட் கம்பெனி ரகுபதியும் கூடச் சேர்ந்துகொண்டார். அதையே கேசட்டாகவும் போட்டுவிடலாம் என்றார்.

கிளியம்மாள் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போய்ப் பாடிவிட்டு வந்தாள். முதல் பாட்டு முடிந்ததும் அவள் காதில் ஹெட்போனை மாட்டிப் போட்டுக் காட்டினார்கள். தன் குரலை வெளியே இருந்து அவள் கேட்டது அன்றைக்குத்தான். அழுதே விட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் புருஷனிடம் கேட்டாள்: "ஏங்க, நாம செத்துப்போனாலும் அது இருக்கும்ல?"

"இருக்கும், இருக்கும்" என்றான் பகலவன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் ஒத்திகையெல்லாம் ஆர்மோனியத்தோடுதான் நடந்தது. டேப் எங்கே என்று கேட்கும்போதெல்லாம் "மிக்ஸிங் நடக்குது" என்பான். மிக்ஸிங் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் சொல்கிறான், நம்பினாள்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு நாலு பேர் கூடினாலே போலீசுக்குப் பொறுக்கவில்லை. இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுமதி கொடுத்தார்கள். ஆகவே ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் திரை விலகியது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளியம்மாள் வந்தாள். பேக்கிங் லைனில் அவள் பக்கத்தில் நிற்கும் காஞ்சனா, கம்பெனிப் பெண்கள் பத்துப் பேரோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கோதண்டம் டேப்பைத் தட்டினான். கிளியம்மாள் வாயைத் திறந்தாள்.

வந்தது வேறு எவளோ ஒருத்தியின் குரல்.

சர்க்கரைப் பாகு மாதிரி மெல்லிசான குரல். ஆனால் வளைவெல்லாம் கிளியம்மாளுடையது. அவள் மூச்சு விடும் இடத்தில் அந்தக் குரலும் மூச்சு விட்டது. அதனால் உதடு எங்கேயும் பிசகவில்லை. பிசகியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஜனம் விசிலடித்தது.

இடைவேளையில் தட்டி மறைவில் பகலவனைப் பிடித்தாள்.

"அது யாரு?"

"ஸ்டுடியோல பாடற பொண்ணு. உன் கொரலு கேசட்டுக்கு ரொம்ப கனமா கீதுன்னாரு ரகுபதி சாரு. உன் பாட்ட மட்டும் மாத்தி எடுத்தோம்."

"எப்போ?"

"நாம வந்த மறுவாரம்."

"நான் பாடறாப்பலயே வளைக்கிறாளே. யாரு சொல்லிக் குடுத்தது?"

பகலவன் தரையைப் பார்த்தான். "நீ பாடினத போட்டுக் காட்டினேன்."

"அந்த டேப்பு எங்க?"

"அத அழிச்சிட்டு அதும் மேலயேதான் அவ பாட்ட எடுத்தாங்க, கிளி."

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். இவன் கழுத்தை விட்டுவிட்டுத் தொண்டையை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு மாசமா என் கையால சோறு துன்னுக்கினு இருந்தீங்களே. ஒரு வார்த்த சொல்லத் தோணலியா?"

"சொன்னா நீ மேடையேற மாட்ட." அப்புறம், அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னான்: "ஒருத்தருக்கும் தெரியல, கிளி. சத்தியமா, ஒருத்தருக்குக் கூட தெரியல."

அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. இருந்தாலும் வேஷம் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு பேர் காத்திருந்தார்கள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். கடைசி வரைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் வாயசைத்தாள். மதகு திறக்கும் பாட்டு முடிந்ததும் மைதானமே எழுந்து நின்றது. "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!"

கோதண்டம் டேப்பைப் பின்னால் ஓட்டப் போனான். கிளியம்மாள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். மேடை ஓரத்தில் அறிவிப்புக்காக வைத்திருந்த மைக்குக்கு நடந்து போனாள். அதே பாட்டை, தன் தொண்டையால் பாடினாள்.

முதல் வரிக்குக் கூட்டம் அமைதியாக இருந்தது. இரண்டாவது வரிக்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். "மொதல்ல பாடனாப்பல பாடும்மா!" என்று கத்தினான் இன்னொருவன். தினமும் எட்டு மணி நேரம் பக்கத்தில் நின்று அந்தக் குரலைக் கேட்கிற காஞ்சனா, நிஜமான அக்கறையோடு எழுந்து நின்று கேட்டாள்: "இன்னாடி, தொண்ட கட்டிக்கினிச்சா?"

கிளியம்மாள் பாட்டை விடவில்லை. பாடிக்கொண்டே பக்கவாட்டில் திரும்பினாள். கடவுள் வாழ்த்துக்கு வாசித்த ஆர்மோனியத்தின் முன்னால்தான் பகலவன் உட்கார்ந்திருந்தான். அவன் ஒரே ஒரு கட்டையை அமுக்கினால் போதும். அவள் சுருதியில் அவன் நின்றால், இதுதான் அசல் என்று அத்தனை பேருக்கும் புரிந்துவிடும். மெட்டுப் போட்டவன் சொன்னால் எவன் மறுப்பான்? அவன் கை கட்டைமேல்தான் இருந்தது.

பகலவன் முன்வரிசையில் இருந்த ரகுபதியைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். பிறகு கையை எடுத்து, கோதண்டத்துக்கு ஜாடை காட்டினான்.

டேப் ஓடியது. சர்க்கரைப் பாகுக் குரல் மைதானத்தை நிறைத்தது. "ஆங், இப்பதான் சரியா கீது" என்றார் யாரோ.

கிளியம்மாள் மைக்கை விட்டு விலகி மேடையின் நடுவில் வந்து நின்றாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். பாட்டு முடியும் வரைக்கும் திறக்கவே இல்லை. நல்ல வெளிச்சம், எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டேதான் கைதட்டினார்கள்.