சுவர்ணா விழுந்த காட்சி

தக்ஷிகாவும் அவளுடைய மாமா மகள் சுவர்ணாவும் லண்டனில் ஒரு செயற்கைச் சரிவில்தான் ஒன்றாகப் பனிச்சறுக்குப் பழகினார்கள். அப்போதெல்லாம் தக்ஷிகாதான் கெட்டிக்காரி. படிப்பு முடிந்ததும் அவள் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். சுவர்ணாவோ பார்மசி வேலையை விட்டுவிட்டுப் பிரான்ஸ் மலைகளுக்குப் போனாள். பகலெல்லாம் ஃப்ரீரைட், தடமே போடாத மலைமுகட்டிலிருந்து பாறைகளில் பாய்ந்து பாய்ந்து இறங்குவது. மாலையில் ஹோட்டலில் கோப்பை கழுவுவது. சொந்தக்காரர்கள் அவளைப் பைத்தியம் என்றார்கள். தக்ஷிகா மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவளுக்கு வயிறு எரிந்தது.

மூன்றாவது குளிர்காலம் முடிந்து சுவர்ணா லண்டன் இல்ஃபோர்ட்டில் இருந்த தக்ஷிகா வீட்டுக்கு வந்தாள். ஸ்கீ என்கிற சறுக்குப் பலகை செய்யும் கம்பெனி ஒன்று அவள் பாயும் வீடியோவைக் கேட்டிருந்தது. பிடித்துப்போனால் செலவை ஏற்றுப் போட்டிகளுக்கு அனுப்புவார்களாம்.

“மச்சாள், நீதான் வெட்டி ஒட்டித் தரவேணும். எனக்கு உது ஏலாது.”

ஒவ்வொரு பாய்ச்சலையும் பார்க்கப் பார்க்க, ‘இதை நான் இன்னும் அழகாய்ப் பாய்ந்திருப்பேன்’ என்று தக்ஷிகாவின் மனம் கறுவியது. ஓரிடத்தில் சுவர்ணா விழுந்து உருண்டு, ஒரு ஸ்கீயைப் பறிகொடுத்து, பனியைக் கிளறி அதை எடுத்துக் காலில் பூட்டிக்கொண்டு, அடுத்த பாறையில் பாய்ந்தாள். தக்ஷிகா அதை வெட்டவில்லை. உண்மை தெரியட்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது வெறும் சாக்கு என்பதும் அவளுக்குத் தெரியும். சுவர்ணா திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள்.

சில கிழமைகள் கழித்து ஈஸ்ட் ஹாம் தோசைக் கடையில் சுவர்ணா அவளைக் கட்டிப்பிடித்தாள்.

“கிடைச்சிட்டுது! நான் விழுந்ததை வெட்டாம விட்டியெல்லே, அதுதானாம் கம்பெனிக்காரருக்குப் பிடிச்சது. விழுந்தாப் பிறகு எப்பிடி எழும்புறன் எண்டு பாத்தவையாம். உன்ர மூளையே மூளை!”

தக்ஷிகாவுக்கு முகம் சுட்டது. அவளால் சிரிக்கவும் முடியவில்லை.

“வாற குளிருக்கு நீயும் வா. கமராவோட.”

“வாறன். ஆனா கமராவோட இல்லை.”

“அப்ப?”

“சறுக்கத்தான். நானும் போட்டிக்கு வரப்போறன்.”

சுவர்ணாவின் சிரிப்பு அப்படியே நின்றது. “உனக்கு வேலை இருக்கெல்லே?”

“விடுறன்.”

சுவர்ணா தண்ணீரை எடுத்துக் குடித்தாள். “நல்லம்,” என்றாள், கொஞ்சம் பிந்தி.

அந்தத் தயக்கம் தக்ஷிகாவுக்குப் பிடித்திருந்தது. தோசையைப் பிய்த்து ஆசையாய்ச் சாப்பிடத் தொடங்கினாள்.