பதினாறு மணி நேர உதை

டேரன் பிராக்கில்ஸ்பி வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் உதை வாங்கினான். அவன் மகள் மெய்ஸிக்கு வாரத்துக்கு முப்பது மணி நேரம் இலவச நர்சரி கிடைத்தது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இங்கிலாந்தின் கடலோர ஊரான எங்கள் கிளீதோர்ப்ஸில் யாரும் கேட்கவில்லை. அரசாங்கத்தின் ஏற்பாடே அப்படித்தான்.

மூன்று வயதான எந்தக் குழந்தைக்கும் பதினைந்து மணி நேரம் உண்டு. முப்பது வேண்டுமானால் அப்பா, அம்மா இருவரும் வேலையில் இருக்க வேண்டும். ஆளுக்கு வாரம் பதினாறு மணி நேரக் குறைந்தபட்சக் கூலியாவது சம்பாதிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணினி முன்னால் உட்கார்ந்து, ஆமாம், இன்னும் வேலையில்தான் இருக்கிறோம் என்று உறுதி சொல்ல வேண்டும். வேலை பார்த்த மீன் ஆலை மூடியதும் டேரனால் அதைச் சொல்ல முடியாமல் போயிற்று. நர்சரி பாதியானால் அவன் மனைவி கெல்லி முதியோர் இல்லத்து வேலையை விட்டாக வேண்டும். கெல்லி வேலையை விட்டால் வீடும் போகும்.

அந்த வசந்தத்தில் ஊரில் காலியாக இருந்தது ஒரே ஒரு வேலை. கடலுக்குள் நீளும் எங்கள் மரப்பாலத்தின் நுனியில் டோரீன் கட்ஃபோர்த் கூடாரம் போட்டிருந்தாள். முன்பு அங்கே காசு போட்டுக் குத்துகிற இயந்திரம் ஒன்று இருந்தது. அது உடைந்துபோனது. அதைப் பழுதுபார்ப்பதைவிட குத்து வாங்க மனிதன் மலிவு என்று டோரீன் கண்டுபிடித்தாள்.

"ஒரே நிபந்தனைதான் கண்ணு," என்றாள் டேரனிடம். "ரெண்டு கையும் பாக்கெட்டுக்குள்ளயே இருக்கணும். வேலை நேரத்துல வெளிய வந்துச்சோ, அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்."

"மூக்கு அரிச்சா?"

"யாராச்சும் வந்து குத்துவாங்க. சரியாப் போயிடும்."

ரத்தம் துடைக்க வாளியும் துணியும் பிடிப்பது அங்கே என் வேலை.

முதல் வாரமே இழுவைப்படகு மாலுமி ஒருவன் விட்ட குத்தில் டேரனின் கடைவாய்ப்பல் பறந்து போய் ஒரு கடற்காகத்தைச் சாய்த்தது. நானே அந்தப் பறவையை எடுத்து அடக்கம் செய்தேன். அடுத்த மாதம் அவன் மூக்கு வடக்கே திரும்பி நின்றுவிட்டது. பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் வந்து அதைத் தெற்கே திருப்பினார். நடுவில் நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. உடைந்த விலா எலும்புகளில் ஒன்று, அவன் தும்மும்போதெல்லாம் விசில் அடித்தது. ரத்தம் ஊறி ஊறி மேடைப் பலகை செம்மரமாகிவிட்டது. டோரீன் அதை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டுப் புதுப் பலகை போட்டாள். மெய்ஸி தன் அப்பாவை பூட்ஸை வைத்து அடையாளம் கண்டுகொள்ளப் பழகினாள்.

மூன்று மாதம் முடிந்ததும் கெல்லி கணினியில் உறுதி சொன்னாள். டேரன் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்காத கண்ணால் அதைப் பெருமையோடு பார்த்தான்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை ஹிலரி வந்து வரிசையில் நின்றாள். நர்சரியை நடத்துபவள் அவள்தான். பூப்போன்ற குரல். அவள் எந்தக் குழந்தையையும் அதட்டி நான் கேட்டதில்லை.

"மன்னிச்சுக்கங்க டேரன்," என்றபடி கையுறையை மாட்டினாள். "உங்கமேல கோவம் எதுவும் இல்ல."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. குத்துங்க."

"இலவசமாம்!" என்று இடது கன்னத்தில் குத்தினாள். "அரசாங்கம் குடுக்கறது என் செலவுல முக்கால்தான்!" வலது கன்னம். "பிள்ளைங்க சாப்பாட்டுக்குக் காசு கேட்டா, இலவசம்னாங்களேன்னு பெத்தவங்க மூஞ்சியத் தூக்குறாங்க!" தாடை. "எட்டுப் பிள்ளைக்கு ஒரு ஆள் வேணுமாம்! இருந்த ஆளுங்களும் சூப்பர்மார்க்கெட்டுக்கு ஓடிட்டாங்க, அங்க சம்பளம் ஜாஸ்தியாம்!"

கடைசிக் குத்து வயிற்றில். டேரன் கூடாரத் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே போய் விழுந்தான். ஹிலரியும் பின்னாலேயே வந்தாள்.

"செப்டம்பர்லருந்து முப்பது மணி நேரம் கிடையாது. எல்லாருக்கும் பதினஞ்சுதான். நேர்ல சொல்றதுதான் மரியாதைன்னு வந்தேன்."

"என்னடி சொன்ன?"

கெல்லி வேலை முடிந்து நீலச் சீருடையோடு அப்போதுதான் வந்து நின்றாள். தன்னைவிட இரண்டு மடங்கு கனமான கிழவர்களைத் தினமும் தூக்கிக் குளிப்பாட்டுகிறவள். பஞ்சுமிட்டாய் இயந்திரத்தின் மூடியைப் பிடுங்கி ஹிலரியின் தலையில் ஒரே போடு போட்டாள். ஹிலரி அவள் தோளைக் கடித்தாள். இரண்டு பெஞ்சுகள் நொறுங்கின. வினிகர் பாட்டில்கள் வெடித்தன. விலக்கப்போன ஒரு போலீஸ்காரர் தொப்பி இல்லாமலும் புருவம் இல்லாமலும் திரும்பி வந்தார். நர்சரி இல்லாத நாள் என்பதால் என் தோள்மேல் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்த மெய்ஸி, யார் பக்கம் சேர்வது என்று தெரியாமல் இருவருக்கும் கை தட்டினாள்.

கட்டிப் புரண்டபடியே கைப்பிடிக் கம்பியை உடைத்துக்கொண்டு இருவரும் கடலில் விழுந்தார்கள். ஹிலரி கெல்லியின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

டேரன் பாக்கெட்டுக்குள் கை விட்டபடி விளிம்பில் நின்று தவித்தான்.

"டோரீன்! என் பொண்டாட்டி முங்குறா!"

"இன்னும் பத்து நிமிஷம் வேலை இருக்கு கண்ணு. குதிக்கறதுன்னா குதி. கை மட்டும் வெளிய வரக் கூடாது."

அப்படியே குதித்தான். கைகளைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு மனிதன் நீந்த முடியுமா என்று சிலர் பந்தயம் கட்டினார்கள். முடியாது. நட்ட கம்பம்போல நேராக உள்ளே போனான்.

பெண்கள் இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு அந்தக் குமிழிகளைப் பார்த்தார்கள். பிறகு சேர்ந்தாற்போல முங்கினார்கள். காதுக்கு ஒருவராகப் பிடித்து மேலே கொண்டுவந்தார்கள். கெல்லி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கரைவரை நீந்தினாள். நாங்களும் ஓடிப் போனோம்.

டோரீன் குனிந்து, இருமிக்கொண்டிருந்த அவன் பாக்கெட்டுகளைப் பார்த்தாள். கைகள் இன்னும் உள்ளேயே இருந்தன. "சரி, திங்கக்கிழமை வா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஹிலரி ரத்தத்தோடு கொஞ்சம் மணலையும் துப்பினாள். "இவ்ளோ பெரிய ஆள எப்படித் தூக்குன?"

"தினம் செய்யற வேலைதானே."

"நர்சரிக்கு வர்றியா? நீ வந்தா எட்டுப் பிள்ளைங்களுக்கு முப்பது மணி நேரம் குடுக்கலாம். மெய்ஸியும் அதுல ஒண்ணு."

"சம்பளம் எவ்ளோ?"

ஹிலரி சொன்னாள்.

"கெழவங்களத் தூக்கறதுக்கே இதவிட ஜாஸ்தி தர்றாங்க."

"தெரியும்."

கெல்லி டேரனைப் பார்த்தாள், மெய்ஸியைப் பார்த்தாள். பிறகு முஷ்டியை மடக்கி ஹிலரியின் மூக்கில் ஒன்று விட்டாள்.

"எத்தன மணிக்கு வரணும்?"

"ஏழரைக்கு," என்றாள் ஹிலரி, மூக்கைப் பொத்திக்கொண்டு.