நாலே முக்கால் மணி கேஸ்

தனகோடிக்குப் பென்ஷன் வருகிறது, எனக்கு வரவில்லை. அவள் மகன் போலீசில் ஐந்து வருஷம் இருந்தான், நான் முப்பத்தாறு வருஷம் இருந்தேன். எங்கள் டிபார்ட்மெண்டில் ஓய்வு பெறும் நாளன்று கழுத்தில் சந்தன மாலை போட்டு, ஜீப்பில் உட்காரவைத்து, வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். எனக்கு அன்று காலையில் சஸ்பென்ஷன் ஆர்டர் கொடுத்தார்கள். மாலை வாங்கப் போன கான்ஸ்டபிளைப் பாதி வழியில் போன் போட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள். யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம். கொடுத்தது சரிதான்.

என் பெயர் சுப்ராயன். மரக்காணத்து உப்பளக் கடற்கரையில் ஒரு ஸ்டேஷனில் பன்னிரண்டு வருஷம் ரைட்டராக இருந்தேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன், அங்கே இன்னும் நல்ல பிள்ளைகள் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். நடுவில் என்னை இரண்டு தடவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கேஸ் எழுத ஆள் கிடைக்காமல் இரண்டு தடவையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஸ்டேஷனில் குற்றவாளியைப் பிடிப்பவர்கள் வேறு, பிடித்த கதையை எழுதுபவன் ரைட்டர். பிடிக்காத கதையையும் அவன்தான் எழுத வேண்டும்.

மாதத்துக்கு இத்தனை சாராய கேஸ் என்று மேலே கணக்குக் கேட்பார்கள். ஊர் யோக்கியமாக இருந்த மாதத்திலும் கேட்பார்கள். பாண்டிச்சேரி எல்லை எங்களுக்குக் கூப்பிடு தூரம், அங்கே பாட்டில் விலை கம்மி. அதனால் பாண்டி சரக்கைக் கொண்டுவந்து விற்பவர்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சம் கிடையாது. ஆனால் அவர்களை நிஜமாகப் பிடிப்பது பெரிய தொல்லை. ஓடுவார்கள், வக்கீல் வைப்பார்கள், சில சமயம் அவர்களுக்காக யாராவது எம்.எல்.ஏ. ஆபீசிலிருந்து பேசுவார்கள். அதனால் மாசக் கடைசியில் ஒன்றிரண்டு குறைந்தால் பழைய ஆட்களின் பெயரை முறை வைத்து எழுதிவிடுவேன்.

அதற்கென்று ஒரு கதை வைத்திருந்தேன். ‘ரோந்து அலுவலில் இருந்தபோது, உப்பளக் கரையில் உப்புக் குவியலுக்குப் பின்னால், கையில் வெள்ளைப் பையுடன் சந்தேகத்துக்கு இடமாக நின்றுகொண்டிருந்த மேற்படி நபர், போலீசாரைக் கண்டதும் தப்பி ஓட முயன்றார்.’ பெயரும் தேதியும்தான் மாறும். நேரம்கூட மாறாது, எப்போதும் மாலை நாலே முக்கால். அந்த நேரத்தில் சாட்சிக்குக் கண் தெரியுமளவு வெளிச்சம் இருக்கும். எனக்கு டீ வரும் நேரமும் அதுதான்.

முறை வைத்த பெயர்களில் ஒன்று கலியபெருமாள், தனகோடியின் புருஷன். ஒரு காலத்தில் நிஜமாகவே விற்றவர். உப்பு மூட்டைக்குள் குவாட்டர் பாட்டில்களைச் செருகி எடுத்துவருவதில் கெட்டிக்காரர். மகன் தமிழ்வேந்தன் போலீஸ் செலக்‌ஷனுக்காகக் கடற்கரை மணலில் ஓட ஆரம்பித்த அன்றே அந்தத் தொழிலை விட்டுவிட்டார். அவர் தொழிலை விட்டார், நான் அவரை விடவில்லை. முட்டி தேய்ந்து கம்பு ஊன்றி நடக்கிற மனிதர், என் எஃப்.ஐ.ஆரில் மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை தப்பி ஓட முயன்றுகொண்டே இருந்தார்.

அவரிடமும் மற்றவர்களிடமும் வெள்ளைத் தாளில் பத்துப் பதினைந்து கையெழுத்து மொத்தமாக வாங்கி டிராயரில் வைத்திருப்பேன். கோர்ட்டில் ஃபைனை நாங்களே கட்டிவிடுவோம். திரும்பி வரும்போது அவருக்கு ஒரு பிரியாணி.

“இன்னா ரைட்டரே, இந்த மாசம் நான்தானா?” என்பார்.

“போன மாசம் அப்பாவு பேர்ல எழுதிட்டேம்பா. இந்த மாசம் நீதான்.”

“செரி, எழுதிக்குங்க. நாப்பது பாட்டிலுன்னு மட்டும் போடாதீங்க, அம்மாம் என்னால தூக்க முடியாது. இருவது போடுங்க.”

தமிழ்வேந்தன் வேலையில் சேர்ந்து நாலாவது வருஷம் லீவில் வந்தபோது என்னைத் தேடி ஸ்டேஷனுக்கு வந்தான். நெட்டையாக, ஒட்ட வெட்டிய முடியுடன் என் மேஜைக்கு எதிரே விறைப்பாக நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சார், எங்கப்பா பேர வுட்ருங்க சார். எங்க பேட்ச் பசங்க கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டுச் சிரிக்கிறானுங்க.”

“சரி தம்பி” என்றேன். இரண்டு மாதம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். மூன்றாவது மாதம் ஒரு கேஸ் குறைந்தது.

போன வருஷம் அக்டோபர் முப்பதாம் தேதி விடியற்காலையில் தமிழ்வேந்தன் செத்துப்போனான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் செக்போஸ்ட் டியூட்டி. தடுப்பை இழுத்து வைத்துக்கொண்டிருந்தவன் மேல் தூக்கக் கலக்கத்தில் வந்த கார் ஏறிவிட்டது. இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. மறுநாள் சாயங்காலம் மழையில் அடக்கம். எஸ்.பி. வந்தார், நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். மரியாதைக்குச் சுட்டபோது இரண்டு துப்பாக்கி நனைந்துபோய் வெடிக்கவில்லை. வெடித்த வரைக்கும் மரியாதை என்று விட்டுவிட்டார்கள். பையனின் தொப்பியையும் மடித்த கொடியையும் எஸ்.பி. கையாலேயே கலியபெருமாளிடம் கொடுத்தார்.

நான் நனைந்த பூட்ஸோடு நேராக ஸ்டேஷனுக்கு வந்தேன். அன்று முப்பத்தொன்று, மாசக் கடைசி. ஒரு கேஸ் குறைந்தது. டிராயரைத் திறந்து கையெழுத்துப் போட்ட தாளில் ஒன்றை எடுத்து அந்தக் கதையை எழுதினேன். யார் பெயர் என்று பார்க்காமல் கை தானாக எழுதிவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? நான் நம்ப மாட்டேன். பெயரைப் பார்த்துத்தான் எழுதினேன். இதிலென்ன வந்தது என்று நினைத்துத்தான் எழுதினேன்.

மனைவி, பிள்ளை இல்லாத போலீஸ்காரன் செத்தால் குடும்பப் பென்ஷன் தாயாருக்குப் போகும். ஆனால் தாயார் மகன் சம்பளத்தை நம்பித்தான் வாழ்ந்தாள், வீட்டில் வேறு வருமானம் இல்லை என்று காட்ட வேண்டும். தனகோடி முப்பது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவள். மகன் முதல் சம்பளம் வாங்கியதும், இனிமேல் அளத்தில் கால் வைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டான். அவன் போன பிறகு தை மாதம் அளம் திறந்ததும் திரும்பவும் போய் இறங்கிவிட்டாள். பாத வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது ஓரக்காலால் நடப்பாள். பென்ஷன் வந்தால் அளத்தை விட்டு ஏறலாம், வராவிட்டால் ஏற முடியாது. அவள் நிலைமை அவ்வளவுதான்.

மாசியில் அவளுடைய பென்ஷன் மனு எஸ்.பி. ஆபீசிலிருந்து திரும்பி வந்தது. இன்ஸ்பெக்டர் ஆரோக்கியராஜ் என்னைக் கூப்பிட்டு மெமோவைக் கையில் கொடுத்தார். வந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஆள், பரவாயில்லாத மனிதர்.

‘மனுதாரரின் கணவர் பத்தொன்பது மதுவிலக்கு வழக்குகளில் சம்பந்தப்பட்டவர் என்றும், தொடர்ந்து மது விற்பனை மூலம் வருமானம் ஈட்டிவருபவர் என்றும் பதிவேட்டில் காணப்படுவதால், மனுதாரர் இறந்த காவலரைச் சார்ந்து வாழ்ந்தவர் என ஏற்க இயலவில்லை. கடைசி வழக்கு அக்டோபர் 31, மாலை 4.45.’

பத்தொன்பதில் பதினாறு என் கைவண்ணம். பழைய காலமாக இருந்தால் கட்டுக் கட்டாக எங்காவது கறையான் தின்றிருக்கும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதைக் கறையான் தின்பதில்லை.

“ரைட்டர், முப்பத்தொண்ணாந் தேதி நாலே முக்காலுக்கு நாம எங்க இருந்தோம்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் மெமோவில் இருந்த தேதியைத் திரும்பவும் பார்த்தேன்.

“நானே அங்கதான் நின்னேன்யா. எஸ்.பி.யும் நின்னாரு. இது பொய்க் கேஸுன்னு சொன்னா அந்தம்மாவுக்குப் பென்ஷன் வந்துரும். ஆனா உம்ம கதை முடிஞ்சிது. இன்னும் எத்தினி மாசம் இருக்குது உமக்கு?”

“ஏழு மாசம் சார்.”

அவர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு ஒரு வழி சொன்னார். புருஷன் பதினைந்து வருஷத்துக்கு முன்பே அவளைக் கைவிட்டுப் போய்விட்டான் என்று தனகோடி ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். அப்புறம் அவர் சாராயம் விற்றால் என்ன, கப்பல் ஓட்டினால் என்ன, அந்த வருமானம் அவள் கணக்கில் வராது. பென்ஷனும் வரும், நானும் மாலையோடு வீட்டுக்குப் போவேன். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு பேரையும் வரச் சொன்னோம். ஒரே டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார்கள். கைவிட்டுப் போனவர் வண்டி ஓட்ட, கைவிடப்பட்டவள் அவர் கம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தாள். நான் மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

கலியபெருமாள் யோசிக்கவே இல்லை. “ஓடிட்டேன்னுதானே எழுதணும்? எழுதிக்குங்க. இத்தினி வருஷமா உங்களக் கண்டு ஓடினேன், இப்ப இவளக் கண்டு ஓடினதா இருக்கட்டும். எங்க கையெழுத்து?”

தனகோடி சிரிக்கவில்லை. “அந்தக் காயிதத்துல இன்னா போட்டுருக்குது? மொத்தமா படிங்க” என்றாள்.

படித்தேன். தேதி வரும் இடத்தில் குரலை இறக்கிப் பார்த்தேன். அவளுக்குக் காது நன்றாகவே கேட்டது.

“இன்னா தேதி?”

“அக்டோபர் முப்பத்தொண்ணு.”

“அன்னிக்கு இவரு அளத்தங்கரையில நின்னு பாட்டில் வித்தாராமா?”

கலியபெருமாள் என்னையே பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததே கிடையாது. “அன்னிக்கா எழுதினீங்க ரைட்டரே?” என்று மெல்லக் கேட்டார்.

“அன்னியோட இருவத்தஞ்சு நாள் மழை” என்றாள் தனகோடி. “அளம் பூரா தண்ணி. உப்புக் குமியலு ஏது அங்க? எழுதுறவரு அதயாச்சும் பாக்க வேணாமா?” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குப் பென்ஷன் வர்லன்னாலும் போவுது. உப்பு வாரித் தின்னவதான் நானு, சாவுற வரைக்கும் வாருவேன். ஆனா எம்புள்ள பொணமா கெடக்கச்ச அவங்கப்பன் சாராயம் வித்தான்னு கவர்மெண்டு காயிதத்துல இருக்குதே. நீங்க சொல்ற மாதிரி ஓடிப்போனவன்னு எழுதிக் குடுத்தா அது அப்படியேதான இருக்கும்? அத யாரு அழிக்கிறது?”

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, நிஜத்தைச் சொன்னால் பயம்தான் அதிகம். வீட்டில் என் மனைவி பாக்கியலட்சுமி ரிட்டயர்மெண்ட் பணத்தில் மாடியில் ஒரு ரூம் எடுப்பதற்குச் செங்கல்லுக்குச் சொல்லிவைத்திருந்தாள். அந்தச் செங்கல்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அப்புறம் என் மேஜைக்கு எதிரே விறைப்பாக நின்ற அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். ‘சரி தம்பி’ என்று சொன்ன என் குரலும் வந்தது.

டிராயரிலிருந்து ஒரு தாள் எடுத்தேன். அதில் கலியபெருமாளின் கையெழுத்து இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு எதுவும் எழுதாத தாளாகத் தேடி எடுத்தேன்.

“ரைட்டர், யோசிச்சிக்குங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

“யோசிச்சா எழுத மாட்டேன் சார்” என்றேன்.

கதை எழுதிப் பழகிய கைக்கு நடந்ததை எழுத வரவில்லை. இரண்டு தடவை ‘ரோந்து அலுவலில் இருந்தபோது’ என்று தொடங்கி அடித்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் தனகோடி, “படிங்க” என்றாள்.

“‘மேற்படி வழக்கு நான் பொய்யாக எழுதியது. இதற்கு முன் இவர் பெயரில் நான் எழுதிய பதினைந்து வழக்குகளும் அப்படியே. அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி மாலை நாலே முக்கால் மணிக்குக் கலியபெருமாள் தன் மகன் தமிழ்வேந்தனின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் மகனுடைய தொப்பியும் ஒரு கொடியும் இருந்தன. வேறு பொருள் எதுவும் இல்லை. அவர் எங்கும் ஓட முயலவில்லை. அவர் நனையாமல் இருக்கப் பின்னால் குடை பிடித்து நின்றவன் நான் என்பதால் இது எனக்கு நேரில் தெரியும்.’”

“கொட புடிச்சது நீங்களா?” என்றார் கலியபெருமாள். “நான் பாக்கவே இல்லியே ரைட்டரே.”

தனகோடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அந்தக் கொடய மடக்கி வச்சிட்டு வந்துதான் இவரு பேர எழுதினீங்களா?”

“ஆமாம்மா.”

“அதயும் எழுதுங்க.”

எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டேன். இன்ஸ்பெக்டர் கை நீட்டினார். தாளை அவரிடம் கொடுக்கப் போனபோது தனகோடி தடுத்தாள்.

“இன்னொரு வாட்டி படிங்க. புள்ள தலமாட்டுல நின்னாருன்னு வருதே, அங்கேருந்து.”

கலியபெருமாள் கம்பை ஊன்றி எழுந்து நின்றார். நான் அங்கிருந்து படித்தேன்.